கோப்பைக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் என்.பி.ஏ. நட்சத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில். செய்திகளில் மில்லியன் என்று வருவதை இங்கே லட்சம், கோடி என்று மாற்றியிருக்கிறோம். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம்.

ஒரு நட்சத்திரம் 1 கோடி டாலர் குறைத்து வாங்கினால், அந்த 1 கோடிக்கு அணி இன்னொரு நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளலாம்தானே?

பெரும்பாலும் முடியாது. இந்த விஷயத்தில் வரும் குழப்பம் அத்தனைக்கும் ஊற்று இதுதான். என்.பி.ஏ.வில் முதலாளியிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது யாரையும் தடுப்பதில்லை. அணியின் மொத்தச் சம்பளம் விதிகள் போட்டிருக்கும் எந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது, எதற்குக் கீழே நிற்கிறது என்பதுதான் தடுக்கிறது. சம்பள வரம்பை 8 கோடி தாண்டி நிற்கும் அணியில் ஒருவர் 1 கோடி விட்டுக்கொடுத்தால், அணி இப்போது 7 கோடி தாண்டி நிற்கும். அவ்வளவுதான். வெளியிலிருந்து ஆள் எடுக்கும் உரிமை ஒரு டாலர்கூடக் கூடாது. மிச்சமான பணமும் அதற்கான வரியும் முதலாளியின் பையிலேயே தங்கிவிடும். அந்தக் குறைப்பு அணியை ஏதாவது ஒரு கோட்டுக்குக் கீழே இறக்கினால் மட்டுமே களத்தில் பலன் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம்மூரில் சொல்வது இதற்கென்றே சொன்னதுபோல் இருக்கும்.

அந்தக் கோடுகள் எவை?

நான்கு. 2025-26 சீசனுக்கு: சம்பள வரம்பு 15.46 கோடி, ஆடம்பர வரிக்கோடு (தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) 18.79 கோடி, அதற்கும் மேலே, தாண்டினால் ஆள் எடுக்கும் வழிகள் அடைபடும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. லீகின் வருமானத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் இவை நகரும். 1984-85-இல் வரம்பு முதன்முதலில் வந்தபோது அது வெறும் 36 லட்சம்.

சம்பள வரம்பு இறுக்கமானது அல்ல. விலக்குகள் வழியாக அதைத் தாண்டலாம். முக்கியமான விலக்கு பேர்ட் உரிமை. பாஸ்டனின் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் இந்த விதிப்படி, ஓர் அணியில் மூன்று சீசன் ஆடியவரை அந்த அணி வரம்பைத் தாண்டியும் அவருக்குரிய உச்சச் சம்பளம்வரை கொடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு சீசன் ஆனவருக்கு உரிமை கொஞ்சம் குறையும். ஒரே சீசன் ஆனவருக்கு முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம்வரைதான் இதன் வழியாகக் கொடுக்க முடியும். இந்த 120-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டுரான்ட் கதையில் திரும்ப வரும்.

வெளியாளை எடுக்க மிட்-லெவல் விலக்கு உண்டு. 2025-26-இல் முழு மிட்-லெவல் 1.41 கோடி. அதைத் தொட்ட அணி அந்த ஆண்டு முழுக்க முதல் ஏப்ரனைத் தாண்டவே கூடாது. வரி கட்டும் அணிக்கான சின்ன மிட்-லெவல் 56.8 லட்சம், அதைத் தொட்டால் இரண்டாம் ஏப்ரனைத் தாண்டக் கூடாது என்ற பூட்டு. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிவிட்ட அணிக்கு இரண்டுமே கிடையாது. இடமாற்றத்தில் இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய ஆளை வாங்கவும் முடியாது, பணம் கொடுக்கவும் முடியாது, ஏழு ஆண்டு தள்ளிவரும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வும் (புது இளம் வீரரை எடுக்கும் உரிமை) உறைந்துபோகும், அதாவது அதை இடமாற்றத்தில் கொடுக்க முடியாது.

"குறைத்துக்கொண்டார்" என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

இதைக் கேட்காமல் எந்தத் தலைப்புச் செய்தியையும் நம்பாதீர்கள். உச்சச் சம்பளம் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்தது. ஆறு ஆண்டுவரை ஆடியவருக்கு வரம்பில் 25 சதவீதம், ஏழிலிருந்து ஒன்பதுவரை 30, பத்தும் அதற்கு மேலும் 35. 2025-26 கணக்கில் இவை முறையே 3.87, 4.64, 5.41 கோடி. இந்த உச்சத்தோடு ஒப்பிடலாம். கையிலிருக்கும் ஒப்பந்தத்தின் விருப்ப ஆண்டை (ஏற்பதா விடுவதா என்று வீரரே முடிவுசெய்யும் கடைசி ஆண்டு) உதறியவரை அந்த ஆண்டின் தொகையோடு ஒப்பிடலாம். இன்னொரு அணி நீட்டிய தொகையோடும் ஒப்பிடலாம். மூன்றும் வேறு வேறு விடை தரும். முப்பத்தெட்டு வயதுக்காரர் "உச்சத்தைவிட 4 கோடி குறைத்தார்" என்றால், அந்த உச்சத்தை அவருக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2010-இல் மயாமி ஹீட் மூவரும் எவ்வளவு விட்டார்கள்?

பேசப்பட்ட அளவுக்கு இல்லை. அன்றைய சம்பள வரம்பு 5.8 கோடி. லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் போஷ், டிவைன் வேட் மூவருக்கும் முதல் ஆண்டு உச்சம் சுமார் 1.66 கோடி. லெப்ரானும் போஷும் 1.45 கோடி எடுத்தார்கள், வேட் 1.42 கோடி. மூவரும் சேர்ந்து விட்டது ஏறக்குறைய 65 லட்சம். அந்த 65 லட்சம் வரம்புக்குக் கீழே விழுந்ததால்தான் அதற்கு மதிப்பு வந்தது. மைக் மில்லர் முதல் ஆண்டு 50 லட்சத்துக்கு வந்தார். யுடோனிஸ் ஹாஸ்லம் வேறு அணிகள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தும் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடிக்குத் தங்கினார். இடம் பண்ணுவதற்காக மைக்கேல் பீஸ்லியை மினசோட்டாவுக்குத் தள்ளிவிட்டது தனிக் கதை.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. லெப்ரானையும் போஷையும் மயாமி நேரடியாக ஒப்பந்தம் செய்யவில்லை. கிளீவ்லாந்தும் டொராண்டோவும் கையெழுத்து வாங்கி, டிராஃப்ட் தேர்வுகளுக்கு ஈடாக மயாமிக்கு மாற்றின. அன்றைய விதிப்படி அந்த வழியில் ஆறாவது ஆண்டும் பெரிய ஆண்டு உயர்வும் கிடைத்தன, மொத்தம் சுமார் 11 கோடி. வேறு அணிக்கு நேரடியாகப் போய் உச்சம் வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 9.6 கோடிதான். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியும் இல்லை. ஆக, ஆண்டுக்கணக்கில் குறைத்தார்கள், ஒப்பந்தக்கணக்கில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. இந்த வழி இன்று அடைபட்டுவிட்டது: கையெழுத்திட்டு மாற்றும் ஒப்பந்தம் இப்போது நான்கு ஆண்டு, 5 சதவீத உயர்வு. வாங்கும் அணிக்கு முதல் ஏப்ரன் பூட்டும் விழும்.

2012, 2013 இரண்டு கோப்பைகள். 2013-க்கு இன்னொரு சின்னக் குறைப்பும் காரணம். பாஸ்டன் இரண்டு ஆண்டுக்கு 1.2 கோடி நீட்டியும், ரே ஆலன் 2012-இல் ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் தரும் சின்ன மிட்-லெவலில் மயாமிக்கு வந்தார். சான் அன்டோனியோவுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 5.2 நொடி மிச்சமிருக்க மூலையிலிருந்து அவர் போட்ட மூன்று புள்ளிதான் தொடரைக் காப்பாற்றியது.

கெவின் டுரான்ட் 2016-இல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதானே வாரியர்ஸுக்குப் போனார்?

இல்லை. மிகப் பரவலான தப்பெண்ணம் இது. 2016-17-இல் அவர் வாங்கியது 2.65 கோடி, அன்று அவருக்குரிய முழு உச்சம். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் வரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. கணுக்கால் காயங்களோடு இருந்த காலத்தில் கையெழுத்திட்ட பழைய ஒப்பந்தத்தில் ஸ்டெஃபன் கரி 1.21 கோடிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஹாரிசன் பார்ன்ஸை விட்டு, ஆண்ட்ரூ போகட்டை டாலஸுக்கு அனுப்பியதும் இடம் கிடைத்துவிட்டது.

அவர் குறைத்துக்கொண்டது 2017-இல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே குறைப்புக்குள் இரண்டு குறைப்பு இருக்கிறது.

அந்தக் கோடையில் பத்தாண்டு அனுபவத்துக்கான உச்சம் சுமார் 3.47 கோடி. ஆனால் வாரியர்ஸில் அவர் ஆடியது ஒரே சீசன். ஆகவே 120 சதவீத விதிப்படி 2.65 கோடியிலிருந்து 3.18 கோடிவரை மட்டுமே வரம்பைத் தாண்டிக் கொடுக்க முடியும். 3.47 கேட்டிருந்தால் அணி வரம்புக்குக் கீழே இறங்கி இடம் பண்ண வேண்டும். அதற்கு ஆண்ட்ரே இகுடாலா, ஷான் லிவிங்ஸ்டன் இருவரின் பேர்ட் உரிமையையும் கைவிட வேண்டும். ஆகவே 3.47-இலிருந்து 3.18-க்கு இறங்கிய அந்த 29 லட்சம்தான் இருவரையும் அணியில் வைத்தது. இகுடாலாவுக்கு மூன்று ஆண்டுக்கு 4.8 கோடி, லிவிங்ஸ்டனுக்கு மூன்று ஆண்டுக்கு 2.4 கோடி.

டுரான்ட் அங்கே நிற்கவில்லை. 2.5 கோடிக்கு இறங்கினார். அந்தக் கூடுதல் 68 லட்சம் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை, எந்தப் புது ஆளையும் தானாகக் கொண்டுவரவில்லை. வரிச்சுமையைக் குறைத்தது. முதலாளிகள் மனமுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க அது உதவியது என்று சொல்லலாம். விதி அதைக் கேட்கவில்லை. 2018 கோப்பைக்கு அந்த 29 லட்சமே போதுமானதாக இருந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

கொஞ்சமாகக் குறைத்துப் பெரிய பலன் கிடைத்த எடுத்துக்காட்டு உண்டா?

2024-இல் லெப்ரான். லேக்கர்ஸில் முதல் ஆண்டுக்கு 5 கோடியை ஒட்டி வாங்கியிருக்கலாம், 4.87 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஏறக்குறைய 12 லட்சம்தான் வித்தியாசம். ஆனால் அணி இரண்டாம் ஏப்ரனுக்கு மயிரிழை கீழே நின்றது, அன்றைக்கு அந்தக் கோடு 18.89 கோடி. இடமாற்றத்தில் சம்பளங்களைக் கூட்டிக் காட்டும் உரிமை இப்படித் தப்பியது. சரியான ஆள் கிடைத்தால் இன்னும் பெரிய தொகையை விடத் தயார் என்று அவர் தரப்பு முன்பே சொல்லியிருந்தது. அப்படி யாரும் வராததால் தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டார். இதைத்தான் அளந்து போடுவது என்கிறோம்.

இப்படிக் குறைத்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டா?

ஜேம்ஸ் ஹார்டன், ஃபிலடெல்ஃபியா, 2022. கையிலிருந்த 4.74 கோடி விருப்ப ஆண்டை உதறி 3.3 கோடிக்குக் கையெழுத்திட்டார். குறைப்பு 1.44 கோடி. கணக்கு சரியாகத்தான் போட்டார்கள். விட்ட தொகையால் ஏப்ரன் பூட்டுக்குள் நின்றபடியே பி.ஜே. டக்கரை முழு மிட்-லெவலிலும், டேனியல் ஹவுஸை இரண்டாண்டுக்கொரு முறை கிடைக்கும் சின்ன விலக்கிலும் எடுத்தார்கள்.

பிறகு மூன்று இடத்தில் சறுக்கியது. டக்கரோடும் ஹவுஸோடும் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே பேசியதாக லீக் கண்டுபிடித்து, 2023, 2024 இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைப் பறித்தது. 2023 பிளேஆஃபில் பாஸ்டனுக்கு எதிராக 3-2 என்று முன்னிலை வகித்தும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். மூன்றாவதாக, அந்தக் கோடையில் பெரிய ஒப்பந்தம் வரவில்லை. 3.56 கோடி விருப்ப ஆண்டை ஏற்றுக்கொண்டு இடமாற்றம் கேட்டார். ஆகஸ்டில் சீனாவில் ஒரு நிகழ்ச்சியில் அணியின் நிர்வாகத் தலைவர் டேரில் மோரியைப் பொய்யர் என்று பலரறியச் சொன்னார். இடமாற்றக் கோரிக்கையைத்தான் அந்தப் பேச்சு குறித்தது என்று விசாரித்து முடிவுசெய்த லீக், 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சீசன் தொடங்கியதும் கிளிப்பர்ஸுக்கு மாற்றப்பட்டார்.

"இந்த ஆண்டு குறைத்துக்கொள், அடுத்த ஆண்டு சேர்த்துத் தருகிறோம்" என்று எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாதா?

கூடாது. எழுதினாலும் குற்றம், வாய்ச்சொல்லும் குற்றம். 1995 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜோ ஸ்மித், 1999-இல் மினசோட்டாவில் 17.5 லட்சத்துக்குச் சேர்ந்தார். ஓராண்டு ஒப்பந்தங்களாகத் தொடர்ந்து, பேர்ட் உரிமை சேர்ந்ததும் மிகப் பெரிய தொகை என்பது இரகசிய ஏற்பாடு. அதைத் தாளில் எழுதியும் வைத்திருந்தார்கள்! 2000 அக்டோபரில் லீக் ஒப்பந்தங்களை ரத்து செய்தது, 35 லட்சம் அபராதம் போட்டது, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைப் பறித்தது. இரண்டைப் பின்னால் திருப்பிக் கொடுத்தது. கெவின் கார்னெட் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவருக்குப் பக்கத்தில் இளம் ஆட்டக்காரர்களைச் சேர்க்க முடியாமல் போனதற்கு இந்தத் தண்டனை ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே குறைப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒப்பந்தத்தின் வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். குறுகிய காலம், கடைசி ஆண்டு தன் விருப்பம், முடிந்தால் இடமாற்றத்தை மறுக்கும் உரிமை. ஹார்டனுக்கு 1+1 வடிவம், அதாவது ஓராண்டும் ஒரு விருப்ப ஆண்டும், இருந்தது. அதனால்தான் இழப்பு அதோடு நின்றது.

ஜேலன் பிரன்சன் உண்மையிலேயே 11 கோடி டாலரை விட்டாரா?

காகிதத்தில் ஆம். 2024 ஜூலையில் நியூயார்க் நிக்ஸோடு நான்கு ஆண்டுக்கு 15.65 கோடி நீட்டிப்பில் கையெழுத்திட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 26.9 கோடி கேட்டிருக்கலாம்.

ஆனால் நான்கையும் ஐந்தையும் ஒப்பிடுவதே சரியில்லை. நீட்டிப்பு விதிப்படி முந்தைய சம்பளத்தில் 140 சதவீதத்துக்கு மேல் அன்று அவருக்குக் கொடுக்க முடியாது, 2.5 கோடியின் 140 சதவீதம்தான் 2025-26-இல் அவர் வாங்கும் 3.49 கோடி. அந்த ஆண்டு அவருக்குரிய உச்சம் 4.64 கோடி. ஆண்டுக்கு 1.15 கோடி என்பது நேர்மையான ஒப்பீடு, அதுவே பெரிய தொகைதான். கடைசி ஆண்டு அவர் விருப்பம்; 2028 கோடையில் பத்து சீசன் முடித்து 35 சதவீத உச்சத்துக்குத் தகுதியாவார். அதற்குள் காயம்பட்டால் அந்தக் கணக்கு கவிழும். ஓராண்டு முன்பே உறுதியான பணம் கைக்கு வந்தது என்பதையும் மறு தட்டில் வைக்க வேண்டும்.

நிக்ஸுக்கு என்ன கிடைத்தது? மிக்கல் பிரிட்ஜஸ், ஓ.ஜி. அனுனோபி, கார்ல்-அந்தோணி டவுன்ஸ் மூவரின் சம்பளத்தையும் இரண்டாம் ஏப்ரனுக்குள் அடக்கும் இடம். 2000-க்குப் பிறகு முதல் முறையாக 2025-இல் கிழக்கு இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள், இந்தியானாவிடம் தோற்றார்கள்.

சம்பளத்தைக் குறைக்காமலே அணிக்கு இடம் பண்ணித்தர வழி இருக்கிறதா?

இருக்கிறது, எங்களைக் கேட்டால் இதுதான் கெட்டிக்காரத்தனம். டிராஃப்டில் வந்த இளம் நட்சத்திரத்தின் முதல் ஒப்பந்தம் முடிந்ததும், புது ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அணியின் கணக்கில் அவர் பேரில் ஒரு சிறிய பிடிப்புத் தொகை மட்டும் ஏறும். அவர் கடைசியாகக் கையெழுத்திட்டால் அதற்குள் அணி வெளியாளை எடுத்துவிட்டு, பிறகு பேர்ட் உரிமையில் இவருக்கு முழுத் தொகையும் கொடுக்கலாம்.

2015-இல் காவை லெனர்ட் இப்படிக் காத்திருந்தார். பிடிப்பு 72 லட்சம், பின்னர் வாங்கிய முதல் ஆண்டுச் சம்பளம் 1.64 கோடி. இடைவெளியில் சான் அன்டோனியோ லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை நான்கு ஆண்டுக்கு 8 கோடிக்கு எடுத்தது. 2024-இல் டைரீஸ் மேக்ஸி: பிடிப்பு 1.3 கோடி, சம்பளம் 3.5 கோடி, நடுவில் பால் ஜார்ஜ் நான்கு ஆண்டுக்கு 21.2 கோடிக்கு வந்தார். அந்த ஃபிலடெல்ஃபியா 24-58 என்று முடித்தது வேறு விஷயம். நுட்பம் சரியாக வேலை செய்தது, முழங்கால்கள் செய்யவில்லை.

ஆபத்து ஒன்றுதான். நீட்டிப்பு கையில் இல்லாமல் ஒரு சீசன் முழுக்க ஆட வேண்டும்.

மூத்த நட்சத்திரங்கள் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போவதன் கணக்கு என்ன?

பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு 2025-26-இல் குறைந்தபட்சம் 36.3 லட்சம். ஓராண்டு ஒப்பந்தமானால் அணியின் கணக்கில் ஏறுவது இரண்டாண்டு அனுபவத்துக்கான 22.96 லட்சம்தான், மீதியை லீக் தரும். வயதானவர் விலையால் ஒதுக்கப்படக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணிக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும். இரண்டு ஆண்டு என்று எழுதினால் இந்தச் சலுகை போய்விடும். அதனால்தான் இவை பெரும்பாலும் ஓராண்டாகவே வருகின்றன.

உச்சமான எடுத்துக்காட்டு டேவிட் வெஸ்ட். 2015-இல் இந்தியானாவில் 1.26 கோடி கையில் இருந்தது. அதை விட்டு ஏறக்குறைய 15 லட்சத்துக்கு சான் அன்டோனியோ போனார். அணி 67 ஆட்டம் வென்றது, இரண்டாம் சுற்றில் ஒக்லஹோமாவிடம் தோற்றது. கோப்பை கிடைத்தது வாரியர்ஸுக்கு மாறிய பிறகு, 2017-இலும் 2018-இலும்.

கார்ல் மலோனும் கேரி பேட்டனும் லேக்கர்ஸுக்கு வந்தும் ஏன் வெல்லவில்லை?

2003-இல் மலோன் 1.9 கோடிக்கு மேலிருந்த சம்பளத்திலிருந்து 15 லட்சத்துக்கு இறங்கினார். பேட்டன் 49 லட்ச மிட்-லெவலில் வந்தார். ஷாகில் ஓநீல், கோபி பிரையன்டோடு சேர்த்து நான்கு பெரிய பெயர்கள். மலோனுக்கு அப்போது நாற்பது. டிசம்பரில் முழங்கால் போய் பாதி சீசன் வெளியே உட்கார்ந்தார், இறுதித் தொடரில் அதே கால் மறுபடி படுத்தது. பேட்டன் பந்தைக் கையில் வைத்து ஆடிப் பழகியவர். ஃபில் ஜாக்சனின் முக்கோண ஆட்டமுறையில் அவருக்கு அந்த வேலையே இல்லை. டெட்ராய்ட் 4-1 என்று முடித்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறவர் பெரும்பாலும் வயதாலோ காயத்தாலோதான் மலிவாகிறார். 2018-இல் வாரியர்ஸ் 53 லட்சத்துக்கு எடுத்த டிமார்கஸ் கசின்ஸும் குதிகாலின் அகில்லஸ் தசைநாண் அறுந்து மீண்டுகொண்டிருந்தவர்தான். பேட்டன் 2006-இல் மயாமியோடு மோதிரம் வாங்கினார். மலோனுக்கு வாய்க்கவே இல்லை.

தன் அணியிலேயே இருந்துகொண்டு குறைப்பவர்கள்?

டிம் டங்கன் 2012-இல் 2.1 கோடியிலிருந்து 96 லட்சத்துக்கு இறங்கினார், 2014-இல் கோப்பை. டிர்க் நொவிட்ஸ்கி 2014-இல் லேக்கர்ஸும் ஹூஸ்டனும் நீட்டிய உச்சத்தை ஒதுக்கி, மூன்று ஆண்டுக்கு 2.5 கோடிக்கு டாலஸில் தங்கினார். மிச்ச இடத்தில் சாண்ட்லர் பார்சன்ஸ் மூன்று ஆண்டுக்கு 4.6 கோடிக்கு வந்தார். 2011 கோப்பைக்குப் பிறகு டிர்க் ஓய்வு பெறும்வரை டாலஸ் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. டிர்க் செய்தது தப்பில்லை. இடத்தை நிரப்பிய அலுவலகம் தேர்ந்தெடுத்த ஆள் தப்பு.

பையவுட் வாங்கிக்கொண்டு போவதும் சம்பளக் குறைப்புதானா?

பாதி. பழைய அணி மீதித் தொகையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு விடுவிக்கிறது. அந்தக் கழிவை வீரர் புது அணியில் ஈடுகட்டப் பார்ப்பார். 2025-இல் பிராட்லி பீல் ஃபீனிக்ஸிடம் மிச்சமிருந்த 11 கோடியில் 1.39 கோடியை விட்டு, கிளிப்பர்ஸில் இரண்டு ஆண்டுக்கு 1.1 கோடி பெற்றார். கையைக் கடித்தது கொஞ்சம்தான்.

சீசன் நடுவில் விடுவிக்கப்படுபவர் மார்ச் 1-க்குள் வெளியே வந்தால்தான் புது அணிக்காக பிளேஆஃப் ஆட முடியும். 2023 விதிமாற்றத்துக்குப் பிறகு, முழு மிட்-லெவலுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவரைச் சீசன் நடுவில் முதல் ஏப்ரனைத் தாண்டிய அணி எடுக்க முடியாது. 2021-இல் பிளேக் கிரிஃபின் டெட்ராய்டிடம் 1.33 கோடியை விட்டு, குறைந்தபட்சத்துக்கு புரூக்ளின் போன மாதிரிப் பயணங்கள் இதனால் அரிதாகிவிட்டன.

விட்ட பணம் கடைசியில் யாருக்குப் போகிறது?

அந்த அணி அளவில் முதலாளிக்கு. ஒரு டாலர் குறைந்தால் ஒரு டாலர் மட்டும் மிஞ்சாது. கடந்த நான்கு சீசனில் மூன்றில் வரி கட்டிய அணி, வரிக்கோட்டை 1.2 கோடி தாண்டி நின்றால், 2025-26 விகிதப்படி ஒவ்வொரு கூடுதல் டாலருக்கும் 5.50 டாலர் வரி கட்டுகிறது. நட்சத்திரம் விடும் ஒவ்வொரு டாலரும் முதலாளிக்கு ஆறரை டாலர்.

லீக் அளவில் கதை வேறு. கூடைப்பந்து வருமானத்தில் வீரர்களின் மொத்தப் பங்கு ஏறத்தாழ 51 சதவீதம் என்று ஒப்பந்தம். எல்லாருடைய சம்பளத்திலும் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். மொத்தச் சம்பளம் பங்கைவிடக் குறைந்தால் வித்தியாசம் வீரர்களுக்கே வரும். ஆக, ஒருவர் விட்டது சிறு துளிகளாக மற்ற எல்லா வீரர்களுக்கும் பிரிகிறது, எதிரணியில் ஆடுபவர்களுக்கும் சேர்த்து.

மலிவாக ஒரு கோப்பை வென்றால் பிறகு விலை ஏறுமா?

நடுத்தர ஆட்டக்காரருக்கு ஏறும். புரூஸ் பிரவுன் 2022-23-இல் 65 லட்சத்துக்கு டென்வரில் ஆடி கோப்பை வென்றார். அடுத்த கோடையில் இந்தியானா இரண்டு ஆண்டுக்கு 4.5 கோடி கொடுத்தது. டென்வரால் 120 சதவீத விதிப்படி 78 லட்சம்தான் நீட்ட முடிந்தது. ஏற்கெனவே உச்சம் வாங்கும் நட்சத்திரத்துக்கு மேலே ஏற இடமில்லை.

பெண்கள் லீகில் எப்படி?

2023-இல் அங்கே வரம்பு இறுக்கமானது, பேர்ட் உரிமை போன்ற விலக்கு இல்லை. ஆகவே கோடு பற்றிய குழப்பமும் இல்லை: விட்ட ஒவ்வொரு டாலரையும் அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது. அந்த ஆண்டு ஒரு அணியின் மொத்த வரம்பே 14.2 லட்சம். உச்சம் 2,34,936 டாலராக இருந்தபோது பிரியானா ஸ்டூவர்ட் 1,75,000-க்கு நியூயார்க் லிபர்ட்டி வந்தார்; 2024-இல் கோப்பை. கேண்டஸ் பார்க்கர் அதே 2023-இல் 1 லட்சத்துக்கு லாஸ் வேகஸ் ஏசஸ் போனார், அந்த ஆண்டே அணி வென்றது.

செய்தி வந்ததும் நானே எப்படிச் சரிபார்ப்பது?

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், முதல் ஆண்டுச் சம்பளத்தைப் பாருங்கள். பேர்ட் உரிமையில் ஆண்டு உயர்வு 8 சதவீதம்வரை, மற்ற வழிகளில் 5. அதனால் ஒரே மொத்தம் வேறு வேறு முதல் ஆண்டுகளை மறைக்கும். பிறகு அந்தத் தேதியில் அவருக்கு விதிப்படி எட்டக்கூடிய அதிகபட்சம் என்ன என்று பாருங்கள். 35 சதவீதமா, 120-ஆ, 140-ஆ? அடுத்து, அணியின் மொத்தச் சம்பளம் முழுத் தொகை கொடுத்திருந்தால் எந்தக் கோட்டுக்கு மேலே போயிருக்கும், இப்போது எங்கே நிற்கிறது? நடுவில் ஒரு கோடும் இல்லையென்றால் அது வரிச் சேமிப்பு, அவ்வளவே. கோடு இருந்தால், அடுத்த சில நாளில் எந்த விலக்கில் யார் வந்தார் என்று பாருங்கள்.

மற்ற அணிகளின் வீரர்களோடு ஜூன் 30 மாலை பேச்சு தொடங்கும், ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூலை 6 நண்பகலுக்குப் பிறகே கையெழுத்தாகும். முதல் இரவில் வரும் தொகைகள் முழு எண்ணாக்கப்பட்டவை, முகவர்கள் சொன்னவை. ஒரு வாரம் பொறுத்தால் சரியான முதல் ஆண்டுத் தொகை வெளியே வந்துவிடும்.